விற்பதற்கு முன் வீட்டில் எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது

ஆறு மாதத்தில் வீட்டை விற்க வேண்டும், சமையலறையை இடித்து மாற்றுவதா, குளியலறையா, இல்லை பெயின்ட் அடித்தாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடத்துச் சுவரின் அடியில் பெயின்ட் உப்பி உதிர்கிறது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பதில் அந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது.

வீடு பார்க்க வருபவர் அழகுக்காகக் கூட்டிக் கொடுப்பது கொஞ்சம். பயத்துக்காகக் கழிப்பது அதிகம். ஓதம் (சுவருக்குள் ஏறும் ஈரம்) பிடித்த சுவரைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத செலவுக்கு யாரும் பெரிய தொகையைத்தான் மனதில் போடுவார்கள், அந்தத் தொகையை உங்கள் விலையிலிருந்து கழித்துப் பேசுவார்கள். அதனால் கையில் இருக்கும் பணம் முதலில் பயமுறுத்துவதை நீக்கப் போகட்டும், பிறகு கண்ணில் படுவதற்கு. மீதம் இருந்தால் அது உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதே பகுதியில், அதே அளவில், நன்றாகப் புதுப்பித்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது, புதுப்பிக்காத வீடு என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போடும் விலை உதவாது, உண்மையில் முடிந்த விலை வேண்டும். புதுப்பித்த வீட்டுக்கும் புதுப்பிக்காத வீட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் 100 என்றால், எல்லா வேலையும் சேர்த்து 50-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. அந்த 50-லும் ஐந்தில் ஒரு பங்கை இடித்த பிறகு தெரியவரும் செலவுகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். பழைய வீட்டில் டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். தெருவிலேயே விலை உயர்ந்த வீடாக உங்கள் வீட்டை ஆக்கினால் கடைசியாகப் போட்ட பணம் திரும்பாது. அந்த விலை கொடுக்கக்கூடியவர் வேறு தெருவில் வீடு தேடிக்கொண்டிருப்பார்.

சமையலறையைப் பற்றி நேரடியாகக் கேட்டதால் ஒரு புள்ளிவிவரம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் செலவு–மதிப்பு அறிக்கையில், 2024-இல் சமையலறையைச் சிறிய அளவில் சீர்செய்ததற்கு ஆன செலவில் சுமார் 96 சதவீதம் விற்பனை விலையில் திரும்பியது. ஆடம்பரமாக முழுதும் மாற்றியதற்குச் சுமார் 38 சதவீதம்தான். இந்த எண்களை அப்படியே வேறு ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் சிறிய வேலை பணத்தைத் திருப்பும், பெரிய வேலை விழுங்கும் என்ற போக்கு எங்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

இப்போது அந்தச் சுவர். ஓதத்தின் மேல் பெயின்ட் அடிப்பதுதான் விற்பவர்கள் அதிகம் செய்யும் வேலை, அதிகம் வீணாகும் வேலையும் அதுவே. சுவருக்குள் ஈரம் இருக்கும்வரை அதில் கரைந்த உப்பு வெளியே வந்து மேற்பரப்பில் படிகமாகும். அந்தப் படிகம் வளர வளரப் பெயின்டையும் பட்டியையும் தள்ளும். ‘ஓதம் தடுக்கும்’ பெயின்ட் அடித்தால் ஈரம் அந்த இடத்தில் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறி, பெயின்ட் முடியும் இடத்தில் புதிய கோடாக வெளிப்படும். ஒரு சுவர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், அனுபவமுள்ளவர் முதலில் கையை வைத்துப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு, 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். அந்த அறைக்குத் தேவை காற்றோட்டம், கொத்தனார் அல்ல. சுவரிலிருந்துதான் என்றால் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து தொடங்கி ஒரு மீட்டருக்குள், மேல்விளிம்பில் வெள்ளை உப்புக்கோட்டோடு நின்றால் பெரும்பாலும் நிலத்து ஈரம். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் குழாய் அல்லது வெளிச்சுவர் விரிசல். மேலிருந்து இறங்கினால் கூரை. சுவருக்கு மறுபக்கம் குளியலறை என்றால் முதல் சந்தேகம் அதன்மேல் விழட்டும்.

குழாய்க் கசிவைச் சோதிக்க இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் தொட்டிக்குள் தண்ணீர் வரும் வால்வை அடைத்து நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டால் போதும். மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. குளியலறைத் தரையைச் சோதிப்பது வேறு முறை. வடிகால் வாயைத் துணியால் இறுக்கி அடைத்து, 25 மில்லிமீட்டர் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்துக் கூரையையும் பக்கத்துச் சுவரையும் பாருங்கள்.

நிலத்து ஈரமே என்றாலும் உடனே ரசாயனம் வாங்க ஓடாதீர்கள். வெளியே போய்ச் சுவரோரம் மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படுகை (நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போட்ட மட்டத்துக்கு 15 சென்டிமீட்டராவது கீழே மண் இருக்க வேண்டும். செடி வைத்து, நடைபாதை போட்டு, ஆண்டுக்கணக்கில் மண் ஏறி அந்தப் படுகையையே மூடியிருப்பது சாதாரணம். மண்ணை வெட்டி இறக்குவது, சுவரை விட்டு வெளிப்பக்கமாக வாட்டம் (சரிவு) கொடுப்பது, மழைநீர்க் குழாயின் வாயைச் சுவரடியிலிருந்து தள்ளி வைப்பது: இந்த மூன்றிலேயே பல சுவர்கள் உலர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் துளையிட்டு மருந்து செலுத்துவது. வெளித்தரைக்கு 15 சென்டிமீட்டர் மேலே, செங்கற்களுக்கு இடையிலான கலவை இணைப்பில், 12 மில்லிமீட்டர் துளைகள், துளைக்குத் துளை அதிகபட்சம் 12 சென்டிமீட்டர் இடைவெளி. 23 சென்டிமீட்டர் சுவருக்கு சுமார் 19 சென்டிமீட்டர் ஆழம். அதில் நீரை விலக்கும் சிலேன் வகைக் களிம்பைப் பின்னாலிருந்து முன்னால் வருமாறு நிரப்ப வேண்டும். இடைவெளியை அதிகமாக்கிச் செலவைக் குறைத்தால் நடுவில் ஈரம் வழி கண்டுபிடித்துவிடும்.

பலரும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. மேலே ஏறுவது நின்றாலும், ஏற்கெனவே சுவரில் இருக்கும் தண்ணீர் உலர 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். 23 சென்டிமீட்டர் சுவர் என்றால் ஒன்பது மாதம். உங்களிடம் இருப்பது ஆறு. ஆகவே உப்பேறிய பழைய பூச்சைக் கறையின் மேல்விளிம்புக்கு அரை மீட்டர் மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த பிரஷால் தேய்த்து (தண்ணீர் ஊற்றினால் உப்பு மீண்டும் உள்ளே போகும்), முடிந்தவரை திறந்தே காயவிடுங்கள். பூசும்போது ஈரம் வெளியேற இடம்தரும் சுண்ணாம்புப் பூச்சு போடலாம். மேலே பிளாஸ்டிக் போலப் படலம் கட்டும் பெயின்ட் வேண்டாம். விற்கும் நாளில் சுவர் முழுதாக உலர்ந்திருக்காது. அதை வாங்குபவரிடம் சொல்லி, என்ன செய்தோம் என்பதைப் படத்தோடும் ரசீதோடும் காட்டுங்கள். காரணம் தெரிந்த ஈரத்துக்குக் கழிக்கும் தொகை குறைவு. தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் சட்டப்படியும் தொல்லையில் கொண்டுவிடும்.

கூரை தட்டையான கான்கிரீட் தளமானால் மழை நின்ற பிறகு மேலே போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வடிகால் வாயை நோக்கி மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது வாட்டம் வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடம், வடிகால் வாய் ஆகிய மூன்றில்தான். மூலையை 5 சென்டிமீட்டர் அளவுக்குக் கலவையால் வளைவாகப் பூசி, அதன்மேல் பைபர் வலை பதித்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் 30 சென்டிமீட்டர் உயரம் வரை ஏற்றுங்கள். தளத்துக்கு இரண்டு கோட்; முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது. இடையில் தயாரிப்பாளர் சொன்ன நேரம் கட்டாயம் விட வேண்டும். ஈரத் தளத்தில் அடித்தாலும், தூசியைக் கழுவாமல் அடித்தாலும் ஒரே வெயிலில் தோலாக உரிந்து வரும். ஓட்டுக்கூரைக்கு வேலை எளிது: உடைந்த ஓடு, முகட்டு ஓட்டின் கலவை, சுவரோடு சேரும் இடத்துத் தகடு, இவற்றைப் பார்த்தால் போதும்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. தலைமுடி போன்ற மெல்லிய, வரைபடம் மாதிரி ஓடும் விரிசல் பூச்சு சுருங்கியதால் வருவது. பட்டி பார்த்தால் போதும். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேராக ஓடுவது இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் விரிவதால். அதை வெறும் கலவையால் அடைத்தால் அடுத்த கோடையில் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் பூச்சை எடுத்து, கம்பிவலை அடித்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போலச் செங்கல் இணைப்புகளில் ஏறுவது, ஒருபக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்குவது, 3 மில்லிமீட்டருக்கு மேல் போவது, இவை அடித்தளம் அசைந்ததைச் சொல்லலாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் கலவை வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் பொறியாளர் பார்த்து எழுதித் தரும் அறிக்கை இல்லாமல் அந்தச் சுவரைத் தொடாதீர்கள். கூரையின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்வரை கொத்தி, துருவைப் பிரஷால் முழுதும் எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். சாதாரண சிமென்ட் கலவையை அப்பினால் அது மொத்தமாகக் கீழே விழும், யாராவது நிற்கும்போதும் விழலாம்.

மின்வேலையில் பணம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாங்குபவர் கூட்டிவரும் ஆள் திறந்து பார்ப்பது மெயின் போர்டைத்தான். 30 மில்லிஆம்பியர் கசிவுமின் தடுப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் இறங்குகிறதா என்று பாருங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய பிரேக்கர் மாட்டியிருந்தால் அது குறை மட்டும் இல்லை, ஆபத்து. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், பிரேக்கர் இறங்கும் முன்பே வயர் காய்ந்து உருகும். விளக்குகளுக்கு 1.5, பவர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசி, வாட்டர் ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் என்பது பரவலாக உள்ள அளவு; உங்கள் பகுதியின் விதி வேறாக இருந்தால் விதியே சரி. மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளை வெறும் அலங்காரமாக இருப்பதும் பழைய வீடுகளில் உண்டு. ஒரு மின்பணியாளரை வைத்து எல்லா சாக்கெட்டையும் சோதித்து எழுதி வாங்குங்கள். சுவிட்ச் மூடிகளை மட்டும் ஒரே மாதிரி புதிதாக மாற்றினால் செலவு சிறிது, வீடு பத்து வயது குறைந்து தெரியும்.

சமையலறையில் பெட்டிகளின் உடல் நன்றாக இருந்தால் கதவு, கீல், கைப்பிடி, குழாய், சிங்க், விளக்கு ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். நன்றாக இருக்கிறதா என்று தெரிய சிங்குக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறந்து, அடிப்பலகையின் பின்மூலையை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். துகள்பலகை தண்ணீர் குடித்தால் ரொட்டி போல உப்பும், பிறகு எந்த மருந்துக்கும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அந்த ஒரு பெட்டியை மட்டும் ஈரம் தாங்கும் பிளைவுட்டில் மாற்றி, சிங்கின் வடிகால் இணைப்புக்குப் புது வாஷர் போட்டு, மேடையும் சுவரும் சேரும் கோட்டில் பழைய சிலிக்கானை முழுதும் அறுத்தெடுத்துப் புதிதாக இடுங்கள். பழையதன்மேல் புதியதை இட்டால் ஒட்டாது. கதவு மாற்றும்போது கீலின் கிண்ணம் 35 மில்லிமீட்டரா என்று பழையதை அளந்து வாங்குங்கள். அளவு ஒன்றானாலும் திருகுத்துளை இடம் மாறலாம், ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகு மீதியை வாங்குவது நல்லது.

குளியலறையில் டைல்ஸ் உடையாமல், தட்டினால் பொக்கென்று ஒலிக்காமல் இருந்தால் பெயர்க்க வேண்டாம். கறுத்த இணைப்புகளை மூன்றில் இரண்டு பங்கு ஆழம்வரை சுரண்டிவிட்டுப் புதிய க்ரவுட் நிரப்பினாலே வேறு அறை போலாகும். மேலோட்டமாகச் சுரண்டி மெழுகினால் சில வாரத்தில் துண்டுதுண்டாக வரும். பழைய டைல்ஸ்மேல் புதியது ஒட்டும் யோசனை இருந்தால் உயரத்தைக் கணக்கிடுங்கள்: பசையும் டைல்ஸும் சேர்ந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் ஏறும். குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளம் போய்விட்டால் தண்ணீர் படுக்கையறைக்கு நடந்து வரும், கதவையும் அறுக்க வேண்டியிருக்கும். முழுதாகப் பெயர்த்துப் போடுவதானால், டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு முடித்து, மேலே சொன்னபடி தண்ணீர் தேக்கிப் பார்த்து, சுவருக்குள் போகும் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகுதான் மூட வேண்டும். டைல்ஸ் தேவைக்குமேல் 10 சதவீதம், சாய்வாகப் பதித்தால் 15 சதவீதம் கூடுதலாக ஒரே பேட்சில் வாங்குங்கள். பேட்ச் மாறினால் நிறம் மாறும். நாற்றம் வருகிறதென்றால் பெரிய வேலையாக நினைக்காதீர்கள். பூட்டிக் கிடந்த குளியலறையின் வடிகால் ட்ராப்பில் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) இருந்த தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு வாளி ஊற்றினால் நிற்கும்.

பெயின்ட் கடைசி. புதிய சிமென்ட் பூச்சு ஏழு நாளாவது தண்ணீர் தெளித்து ஆற வேண்டும், பிறகு காய்வதற்கும் சேர்த்து நான்கு வாரம் விட்டுத்தான் பட்டி. அவசரப்பட்டால் பட்டி தோலாக உரியும். உப்புத்தாள் போட்ட தூசியை ஈரத்துணியால் துடைத்து, ப்ரைமர், பிறகு எமல்ஷன் இரண்டு கோட்; ஓதம் இருந்த சுவருக்கு மட்டும், மேலே சொன்னபடி, படலம் கட்டாத வகை. அளவுக் கணக்கு: 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் சுவர் 45 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 5 கழித்து, கூரைக்கு 14 கூட்டினால் 54. இரண்டு கோட்டுக்கு 108. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 11 லிட்டர். நிறத்தில் உங்கள் ரசனையைக் காட்டும் இடம் இது இல்லை. வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம், கூரை வெள்ளை. ஒரே அறையில் மஞ்சள் ஒளியும் வெள்ளை ஒளியும் கலந்த பல்புகள் இருந்தால் நல்ல பெயின்டும் அழுக்காகத் தெரியும்.

செய்யவே வேண்டாதவை: ஃபால்ஸ் சீலிங் (உயரத்தையும் குறைக்கும், மேலே எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் தரும்), விலையுயர்ந்த குளியல் தொட்டி, இரண்டு படுக்கையறையை இடித்து ஒன்றாக்குவது. படுக்கையறை எண்ணிக்கை குறைந்தால் விலை இறங்கும். அனுமதி வாங்காமல் அறை கூட்டிக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தில் இல்லாத அறையைக் கணக்கில் சேர்க்கமாட்டார், சில நேரம் அதற்காகக் கடனையே நிறுத்திவிடுவார்.

ஆறு மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் மாதம் சோதனைகளும் கூரையும் வெளிமண்ணும். இரண்டாம் மாதம் உப்பேறிய பூச்சை எடுப்பது, குழாய், மின்வேலை. மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். மூன்றாவதில் பூச்சு, குளியலறை. நான்காவது மாதத்தில் பூச்சு ஆறட்டும், அந்த நேரத்தில் சமையலறை. ஐந்தாவதில் பட்டியும் பெயின்டும். பெயின்டின் கடைசி கோட்டை மட்டும், எல்லாம் மாட்டி முடித்த பிறகு அடிக்க வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பணியாளரும் ஒரு கைரேகை விட்டுப்போவார். ஆறாவது மாதத்தில் இறுகிய கதவுகளைச் சீவுவது, தாழ்ப்பாளுக்கு எண்ணெய், ஜன்னல் கண்ணாடி கழுவுவது, வாசல் கதவுக்குப் பூச்சு. எடுத்த படங்கள், ரசீதுகள், உத்தரவாத அட்டைகள், மின்சோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, வீடு பார்க்க வருபவர் கேட்கும் முன்பே அவர் கையில் கொடுங்கள்.